அடிப்படைத் தமிழில் தொண்ணூற்றாறு

— அத்தினி பேப்பர்லயும் பாஸ்னு நீங்களே சொல்றீங்கோ, ஜானட் மேடம். அப்பால இன்னாத்துக்கு எம் பொண்ணு டிகிரிய நிறுத்தி வச்சிகீறீங்கோ?

— அப்துல் வஹாப் பாய், மொதல்லேர்ந்து சொல்லுதேன், கேளுங்க. பி.ஏ. வரலாறு முடிக்க நூத்தி நாப்பது கிரெடிட் வேணும். உங்க மக மெஹ்னாஸுக்கு நூத்தி முப்பத்தாறுதான் இருக்கு.

— மீதி நாலு எங்க பூட்ச்சு?

— அடிப்படைத் தமிழ்னு ரெண்டு பேப்பர் எழுதியிருக்கா. அது செல்லாது.

— பெயிலா?

— தொண்ணூத்தாறு மார்க். அந்த வகுப்புலயே அவதான் ஃபர்ஸ்ட்.

— மேடம், நா கண்டெய்னர் வண்டி ஓட்றவன். வண்டிய காலடிப்பேட்டையாண்ட ஓரங்கட்டிட்டு வந்துகீறேன். தொண்ணூத்தாறு வாங்கினா செல்லாதுன்னா, எத்தினி வாங்கினா செல்லும்?

— மார்க்குல ஒண்ணும் தப்பில்ல. அவ தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தாள்லா? அப்படி எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விதி உண்டு. தமிழே தெரியாதவங்க அடிப்படைத் தமிழ் எழுதணும். அ, ஆ, இ, ஈ, அவ்வளவுதான். தமிழ் தெரிஞ்சவங்க சிறப்புத் தமிழ் எழுதணும். திருக்குறள், சங்க இலக்கியம் எல்லாம் வரும். உங்க மக பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் படிச்சவ. பள்ளிக்கூட மார்க் சீட்ட இப்பத்தான் ஒத்துப் பாத்தோம்.

— நெசந்தான். அந்த கிளாஸ்ல பக்கத்துல குந்தினு இருந்த மணிப்பூர் பொண்ணுங்களுக்கு இவதான் அ, ஆ சொல்லிக் குட்த்தாளாம்.

— அப்பமே வந்து சொல்லியிருக்கலாம்லா?

— சொல்லிக்கீறா மேடம். ஆபீஸ்ல எந்த கிளாஸ் போட்டாங்களோ அங்க போய் குந்துன்னு அனுப்பிச்சிட்டாங்க. சரி, அத்த வுடுங்க. இப்ப இன்னா வழி?

— நவம்பர்ல சிறப்புத் தமிழ் ரெண்டு பேப்பரையும் எழுதட்டும். ஜனவரியில ரிசல்ட் வந்துரும்.

— வெள்ளிக்கெழமைக்குள்ள எண்ணூர் கம்பெனில சர்டிபிகேட் குடுக்கணும் மேடம். இல்லன்னா வேலை வேற ஆளுக்கு. எங்க வூட்ல மேசை நாற்காலி போட்டு வேலை பாக்கப்போற மொத ஆளு அவதான். ஜனவரி வரிக்கும் அந்த நாற்காலி காலியாவா இருக்கும்?

— எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா தப்பு உங்க பக்கம் பாய். சேர்க்கை ஃபாரத்துல தாய்மொழி உருதுன்னு பதிஞ்சிருக்கு. தமிழ் தெரியுமாங்கிற கட்டத்துல இல்லைன்னு இருக்கு. கீழே கையெழுத்துப் போட்டது நீங்கதான்.

— கையெழுத்து என்னுதுதான். உருது என்னுது இல்ல. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. எங்க பாட்டன், முப்பாட்டன் எல்லாம் தமிழ் பேசினவங்கதான். ராயபுரத்துல பொறந்து ராயபுரத்துலயே வளந்தவன் மேடம் நானு.

— பின்ன யாரு எழுதினா?

— கவுண்டர்ல எழுதினாங்க. வாயால கேட்டாங்க, சொன்னேன். கம்பி ஜன்னல் வழியா ஃபாரத்த நீட்டி கையெழுத்து போடுன்னாங்க, போட்டேன். உள்ள யாரு கீறாங்கன்னுகூட தெரியல.

— மேடம், பக்கத்து டேபிள்ல குந்திகினு கேட்டுகினே கீறேன், வாய சும்மா வச்சிக்க முடியல. ஒரு வார்த்த கேக்கட்டா?

— டைப் பண்ணுதத விட்டுட்டு இதுதான் உனக்கு வேலை. கேளு பிரகாஷ்.

— பாய், அன்னிக்கு கவுண்டர்ல இன்னா பேசின? ஞாபகம் கீதா?

— மூணு வருசம் ஆச்சேப்பா. காலங்காத்தால வந்து லைன்ல நின்னேன். "நாஷ்டாகூட துன்னல, ஒரே பேஜாரா கீது, தோஸ்து கைல வண்டிய குட்த்துட்டு வந்துகீறேன், ஜல்தி முட்ச்சி வுடுங்கோ"ன்னேன்.

— பாத்தீங்களா மேடம்? நாஷ்டா, பேஜாரு, தோஸ்து, ஜல்தி. பேரு அப்துல் வஹாப்பு. இத்தினியும் சேத்து உருதுன்னு போட்டுட்டாங்கோ.

— அது உருது இல்லாம பின்ன என்னது?

— எங்கம்மா பேரு பூவம்மா. வியாசர்பாடி. "நாஷ்டா துன்னுட்டு ஜல்தி கெளம்புடா பேமானி"ன்னுதான் டெய்லி என்னிய வேலைக்கி அனுப்பும். அதுக்கு உருதா தெரியும்? எங்க ஊர்த் தமிழே அப்டித்தான் மேடம்.

— தம்பி சொல்றது நெசந்தான். தப்பா நெனைக்கலன்னா நானும் ஒண்ணு சொல்றேன் மேடம். நீங்க "சொல்லுதேன்"னதும் எனக்கும் வேற பாஷ மாரிதான் இருந்திச்சு. ஆனா நா எழுதி வக்கல.

— பிரகாஷ், கம்ப்யூட்டர்ல பாத்து ஒண்ணும் வெளங்கல. ஒரிஜினல் ஃபாரத்த எடு.

— இந்தாங்க மேடம். கையெழுத்து முத்து முத்தா கீது. இந்த ஆபீஸ்ல எவனுக்கு இப்டி எழுத வரும்?

— ஆபீஸ் தப்புன்னு வந்தா விதி என்ன சொல்லுது?

— எழுதிக் குட்த்தா போதும், பிரின்சிபால் நாளைக்கே தனியா எக்ஸாம் வச்சி முட்ச்சிடலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள சர்டிபிகேட் கைல. ஆனா தப்பு பண்ணது யாருன்னு பேரு போடணும். பேரு போட்டா மெமோ. மெமோ வந்தா புரமோஷன் கோவிந்தா. எவன் ஒத்துக்குவான்?

— பேரு இல்லாம எழுத முடியாதா தம்பி? ஒர்த்தர் வயித்துல அட்ச்சி எம் பொண்ணு வேலைக்கிப் போவ வேணாம். எக்ஸாம் வச்சா அவ எழுதிடுவா. நா பேசறதையே குந்திகினு திருத்துறவ அவ.

— பேரு இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க பாய். இன்னா மேடம், அந்த ஃபாரத்தையே பாத்துகினுகீறீங்கோ?

— லெட்டர் டைப் பண்ணு பிரகாஷ். பெறுநர், முதல்வர். "மாணவி மெஹ்னாஸுக்குத் தமிழ் தெரியும். தெரியாது என்று பதிவு செய்தது அலுவலகத்தின் தவறு."

— போட்டாச்சு. யாரு பண்ண தப்புன்னு போட்றது?

— ஜானட்னு போடு. திருநெல்வேலியிலேர்ந்து வந்து வேலைக்குச் சேந்த மொத வாரம், பாய் பேசினது எனக்கு ஒரு வார்த்தை வெளங்கல, உருதுன்னு நானே எழுதிட்டேன்.