கண்ணை எடுக்க முடியாத தோட்டம்

வேண்டாம் தம்பி, தண்ணி மட்டும் வேண்டாம். சின்னதா ஒரு தொட்டி, சுத்தி கூழாங்கல்லு, நடுவுல அல்லி... நீங்க சொல்றப்பவே அழகாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா அந்தப் பேச்சை இத்தோட விட்டுடுங்க. அந்த மூலையில நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். இந்தப் பக்கம், இதோ இந்தச் சுவரோரம், இங்க பண்ணுங்க. உங்க வித்தை அத்தனையையும் இங்க இறக்குங்க.

உங்க விளம்பரத்துல போட்டிருந்தீங்களே, கண்ணை எடுக்க முடியாத தோட்டம்னு. அதைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணேன். சிரிக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கன்னு எனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது அதுக்கு நேர்மாறு. ஒருத்தரோட கண்ணை ஒரு இடத்துல இருந்து எடுக்க வைக்கணும். புரியலையா? மெதுவா திரும்பி அந்தச் சமையலறை ஜன்னலைப் பாருங்க. உள்ள நாற்காலியில ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் எங்க வீட்டுக்காரர். வணக்கம் எல்லாம் சொல்லாதீங்க, கண்டுக்க மாட்டாரு. உங்க மேல கோவம் இல்ல. நான் பக்கத்துல நின்னு தாரை தப்பட்டை அடிச்சாலும் அதே கதைதான்.

காலையில முகம் கழுவிட்டு வந்து உக்காந்தா இருட்டற வரைக்கும் அந்த மூலையைத்தான் பாத்துட்டு இருப்பாரு. சாப்பாடும் அங்கதான். தட்டைக் குனிஞ்சு பாக்கறது கிடையாது, கைக்கு வந்தது வாய்க்கு. ஒரு நாள் வேணும்னே உப்பு போடாம குடுத்துப் பாத்தேன். ஒரு வார்த்தை வரல. கல்யாணமான புதுசுல ஒரு சிட்டிகை குறைஞ்சா வீட்டை ரெண்டாக்குவாரு தம்பி. அன்னைக்கு அந்தச் சண்டைக்கு ஏங்கிப் போயிட்டேன்.

பஸ் ஓட்டிட்டு இருந்தாரு. நாலு பக்கமும் கண்ணு இருக்கணும்கிற வேலை. ஆரம்பத்துல டிப்போல இருந்து கூட்டாளிங்க வந்தாங்க, பக்கத்துல உக்காந்து பேசிப் பாத்தாங்க. சுவத்துகிட்ட எவ்வளவு நேரம்தான் பேசுவாங்க பாவம், இப்போ வர்றதில்ல. கழுத்து வேற ஒரு பக்கமா பிடிச்சுக்கிச்சு. டாக்டர் பயிற்சி சொல்லிக் குடுத்தாரு, அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பணும்னு. இவரு அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்கா பண்ணுவாரு. மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன். அங்க போயி கதவையே பாத்துட்டு இருந்தாரு, எப்போ வீட்டுக்குப் போகலாம்னு.

அப்புறம்தான் எனக்குத் தோணுச்சு. திருப்ப முடியாத கழுத்தை ஒரு பூவாவது திருப்பாதான்னு. எனக்கு முன்னாடியே செடியில கொஞ்சம் கை உண்டு. ஆனா இப்போ நான் வைக்கறது தோட்டம் இல்ல தம்பி, தூண்டில்.

கண்ணு முதல்ல சிவப்புக்குத்தான் போகும்னு எங்கயோ படிச்சேன். சரின்னு இந்தச் சுவர் முழுக்க டேலியா நட்டேன், ரத்தச் சிவப்பு. அந்த மாடி வீட்டு ஜனம் பூரா பால்கனியில வந்து நின்னுச்சு. பக்கத்து வீட்டு டீச்சர், நம்மகிட்ட முகம் குடுத்தே பேசாதவங்க, நடறதுக்குக் கிழங்கு குடுங்கன்னு பாத்திரத்தோட வந்துட்டாங்க. ஊரே திரும்புச்சு, திரும்ப வேண்டியவரு திரும்பல.

சிவப்பு தனியா நின்னா கத்தல் மாதிரிதான், பக்கத்துல இன்னொரு கலர் சேர்ந்தாத்தான் பேச்சு ஆகும்னு அப்புறம்தான் உறைச்சுது. அதுக்காகத் தெருத் தெருவா சுத்தினேன். யார் வீட்டு காம்பவுண்டு தெரிஞ்சாலும் எட்டிப் பாக்கறது. ஒரு செக்யூரிட்டி என்னைத் திருடின்னு முடிவே பண்ணி, தெருமுனை வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினாரு. பெயிண்ட் கடையில கலர் அட்டை குடுப்பாங்க இல்ல, அதை எப்பவும் பையில வச்சிருப்பேன். இலை மேல வச்சுப் பாத்துப்பேன். ஒரு பல் ஆஸ்பத்திரி வாசல்ல ஊதா இலைச் செடியையும் எலுமிச்சைப் பச்சை இலைச் செடியையும் ஒட்டி ஒட்டி வச்சிருந்தாங்க. பல்லைப் புடுங்கிட்டு, கன்னத்தைப் பிடிச்சுட்டு வர்றவன் கூட ஒரு நிமிஷம் நின்னு பாக்கறான் தம்பி! இதுதான்டி உனக்கு மருந்துன்னு ஓடி வந்து அதே மாதிரி வச்சேன். அழகா வந்துச்சு. எனக்கே அழுகை வந்துடுச்சு, அவ்வளவு அழகு. அவரு அந்த மூலையைப் பாத்துட்டு இருந்தாரு.

வெள்ளையும் வச்சேன், சாயங்காலம் மங்கினாலும் தெரியும்னு. கடைசியா புல்லு. பஞ்சு மாதிரி கதிர் விடுமே, காத்துல ஆடுமே, அந்தப் புல்லு. டிரைவர் கண்ணு, ஓரத்துல எது அசைஞ்சாலும் பிடிக்கும்னு ஒரு கணக்கு. ஒரு நாள் நல்ல காத்து. புல்லு மொத்தமா சாஞ்சு எழுந்திரிக்குது, அவரு தலை லேசா இந்தப் பக்கம் அசையுது. நான் அடுப்பை அணைச்சுட்டு மூச்சு விடாம நின்னேன். அப்புறம் பாத்தா, காதுகிட்ட கொசுவாம். அடிச்சுட்டு மறுபடியும் அங்கயே திரும்பிட்டாரு. நான் உள்ள போயி பாத்திரத்தை எல்லாம் தரையில போட்டு உடைச்சேன். அதுக்கும் திரும்பல.

மறைச்சுப் பாக்கலாமா? ஏன் தம்பி, அது எனக்குத் தோணாமலா இருந்திருக்கும்? வரிசையா மூங்கில் வச்சேன், ஜன்னல்ல இருந்து அந்த மூலையே தெரியாத மாதிரி. நான் மாவு மிஷினுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அத்தனையையும் வெட்டிச் சாய்ச்சுட்டாரு. அருவாள் கூட இல்ல, காய் நறுக்கற கத்தியால. கையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. என்னை ஒரு வார்த்தை திட்டல. வெட்டிட்டு வந்து அதே நாற்காலியில உக்காந்துட்டாரு.

அங்க என்ன இருந்துச்சா? தொட்டிதான். தரையோட தரையா கட்டினது, மீன் விட்டிருந்தோம். மூடியாச்சு. மண்ணு கொட்டி மேல புல்லு போட்டுட்டோம். அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, நீங்களே பாருங்க. இதை விட மொட்டையா ஒரு இடம் இருக்குமா?

சரி, நீங்க சொல்லுங்க, இந்தச் சுவருக்கு என்ன வைக்கலாம்? எந்தக் கலருக்கு எந்தக் கலர்? ம். ம். கறுப்பு இலை கல்வாழை, ஆரஞ்சுப் பூ... அது மேலயே நீலச் சங்குப்பூ கொடியை ஏத்தி விடறதா?

இல்ல, நல்லா இருக்கும். நீங்க விவரமான ஆளுதான். அது நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை வேலை செஞ்சிருக்கு.

இதே இடத்துலதான். யாரும் சொல்லிக் குடுக்கல, நானா யோசிச்சு வச்சது. சங்குப்பூ முந்திக்கிட்டுப் பூத்துடுச்சு, கல்வாழை மொட்டை வச்சுக்கிட்டு இழுத்தடிச்சுட்டே இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து பூக்கற அன்னைக்கு எப்படி இருக்கும்னு தினமும் அவருகிட்ட சொல்லி அறுப்பேன். ஒரு காலையில சேர்ந்து பூத்திருக்கு. நான் அப்போ வீட்ல இல்ல, தையல்காரம்மாகிட்ட போயிருந்தேன். எங்க சிட்டு, என் பொண்ணுதான், அப்போதான் தத்தித் தத்தி ஓட ஆரம்பிச்சிருந்தா, தொட்டி ஓரமா மீனுக்கு பிஸ்கட் போட்டுட்டு இருந்தா. அவரு ஒட்டினாப்புல நின்னுட்டு இருந்தாரு. பாப்பாவைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் நான் படி இறங்கினேன். எல்லா வீட்லயும் சொல்றதுதானே.

அவரு திரும்பிப் பாத்தாராம். அடடே, ரெண்டும் சேர்ந்து பூத்துடுச்சே, வந்ததும் இவகிட்ட சொல்லணும்னு நினைச்சாராம். அவ்வளவு நேரம்தான் தம்பி. சத்தம் கூட கேக்கலையாம். இதை என்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னாரு. சொல்லிட்டு போயி அந்த நாற்காலியில உக்காந்தாரு. நீங்க அவரு அந்த மூலையைப் பாக்கறாருன்னு நினைச்சீங்க இல்ல? பாக்கல. பாத்துக்கறாரு.

ஐயோ, நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்? செடி வைங்க, கல்வாழை வேண்டாம், வேற எதையாவது வைங்க. நீங்க எவ்வளவு அழகா பண்ணாலும் அவரு திரும்ப மாட்டாருன்னு எனக்குத் தெரியும். அழகா இருந்தா சுத்தமாவே திரும்ப மாட்டாரு. ஆனா நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க? அவளும் போயிட்டா, இவரும் அவ பின்னாடியே போயிட்டாரு. பிள்ளையைப் பறிகொடுத்தவ நானும்தானே, என்னை யாரு பாக்கறது? ஏதாவது ஒண்ணை நட்டு, தண்ணி ஊத்தி, பூக்குதா பூக்குதான்னு நின்னாத்தான் எனக்குப் பொழுது போகுது.

ஆளுங்களைச் செவ்வாய்க்கிழமை அனுப்புங்க. அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க. மண்ணு மூட்டையோ ஏணியோ, ஜன்னலுக்கும் அந்த மூலைக்கும் குறுக்க எதையும் வைக்கக் கூடாது, யாரும் நிக்கவும் கூடாது. கொஞ்ச நேரம் மறைஞ்சாலும் பதறிப்போயி ஓடி வந்து, அந்தப் புல்லைப் பிச்சுப் போட்டுட்டு மண்ணுக்குள்ள கையை விட்டுத் தேட ஆரம்பிச்சுடுவாரு. அவரை எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போக எனக்கு இப்போ தெம்பு இல்ல தம்பி.