ரேடியோவை அணைத்தவன்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். அதன் உறுமல் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. அணைத்ததை மறந்தால் பால் திரிந்துவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவேன். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்? முதல் தடவை இதைப் பார்த்து உங்கள் தங்கை வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் எதற்கும் சிரிப்பாள்.

மச்சான், நேற்று போனில் நீங்கள் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். எங்கள் பழைய கணினியை உங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குக் கொடுத்தபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் எதையோ தேடப்போய் அவள் பாடிய கோப்புகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, ரெண்டும் ஒரே பாட்டு. ரெண்டுலயும் ஒரே எடத்துல மூச்சு விடறா, ஒரே எடத்துல பின்னாடி யாரோ கதவச் சாத்துறாங்க. ஆனா ஒண்ணுல நல்லாப் பாடறா, இன்னொண்ணுல சுருதி போகுது. எப்படி?" என்று கேட்டீர்கள். சனிக்கிழமை வருவதாகவும், அதற்குள் நானே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றும், இல்லாவிட்டால் இரண்டையும் போட்டுக் காட்டிவிடுவதாகவும் சொன்னீர்கள். நான் "பார்க்கறேன் மச்சான்" என்று போனை வைத்துவிட்டேன். நேரில் பேசினால் எனக்கு வார்த்தை நன்றாக வரும், தப்பித்துவிடுவேன். எழுதினால் அவ்வளவு சுலபமில்லை. அதனால் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் அறுக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பல் தேய்க்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பாடுவாள் என்று கல்யாணத்துக்கு முன்பே எச்சரித்தீர்கள். உண்மைதான். துணி மடிக்கும்போது, மழலையர் பள்ளிக்குக் கிளம்பும்போது, யாராவது வந்து கதவைத் தட்டினால் "இதோ" என்று சொல்வதைக்கூட ராகமாகத்தான் சொல்வாள். தன் வகுப்பில் குழந்தைகளைச் செருப்பு மாட்ட வைப்பதற்கு ஒரு பாட்டு, மூக்கைத் துடைத்துக்கொள்வதற்கு ஒரு பாட்டு என்று அவளே கட்டி வைத்திருந்தாள். இசை படித்தவள் இல்லை. படிக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

நான் படித்தேன். பதினான்கு வருடம் கிட்டார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மைக், ஹெட்போன், சின்ன மிக்சர் எல்லாம் சேர்த்தேன். படுக்கையறை அலமாரியில் பாதியைக் காலி செய்து, கம்பளிகளைத் தொங்கவிட்டு, உள்ளே தலையை விட்டுக்கொண்டு பாடுவேன். கம்பளி எதிரொலியைத் தின்றுவிடும். எங்கள் கடைக்கு எதிரில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் பேஸ் கிட்டார் வாசிப்பார். ஞாயிறு காலைகளில் அவர் வருவார், இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கொரு வேலை, எல்லோருக்கும் இது ஆசை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டு எழுதினேன். மூன்று மாதம் உழைத்தேன். ஒரு ஞாயிறு அவர்களுக்குப் பாடிக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார்கள். எப்படிச் சொன்னார்கள் என்பது உங்களுக்குப் புரியும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நேரம் உங்கள் தங்கை துணிக்கூடையோடு அறையைக் கடந்து போனாள், அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டு. மூன்று மாதமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டு அவளுக்குப் பாடமாகியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் சும்மா ஒரு முறை பாடிப் பாருங்களேன் என்றார். அவள் கூடையைக் கீழே வைக்காமலே பாடினாள். நானேதான் மைக்கை நிமிர்த்தி வைத்தேன், பதிவையும் போட்டேன். பாடி முடித்ததும் யாரும் பேசவில்லை. பிறகு மருந்துக்கடைக்காரர் என்னிடம் திரும்பி, "சார், உங்க பாட்டு இப்பதான் உயிரோட வந்துருக்கு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். மொட்டை மாடியில் இன்னொரு பாட்டைப் பாடுவது எனக்குக் கேட்டது. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் தொழிலில் ஒன்று உண்டு. லென்ஸின் மையம் பார்ப்பவரின் கண்மணிக்கு நேராக வரவேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தள்ளி அறுத்துவிட்டால் அவருக்குத் தலைவலி வரும், படி இறங்கும்போது தடுமாறுவார். அவர் கண்ணாடியைச் சந்தேகிக்க மாட்டார். தன் கண்ணைத்தான் சந்தேகிப்பார். "என் கண்ணு ரொம்பக் கெட்டுப்போச்சு போல" என்று அவரே வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்பார். அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை, அவளுக்குப் பள்ளி. பதிவைக் கணினியில் திறந்தேன். குரல் சரியான இடத்தில் நிற்காவிட்டால் அதைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் ஒவ்வொரு சுரமும் சின்னக் கட்டையாகத் தெரியும், மவுஸால் மேலே கீழே நகர்த்தலாம். என் குரலைச் சரிசெய்யத்தான் அதை வாங்கியிருந்தேன். அன்று அவள் குரலில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் கொஞ்சம் கீழே இறக்கினேன். நிறைய இறக்கினால் அது தன் குரலே இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். கொஞ்சம் இறக்கினால் தான் பாடியதுதான் என்று நம்புவாள்.

சாயங்காலம் அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது.

"நான் இப்படியா பாடறேன்?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கீழ போகுது, அவ்வளவுதான்."

"நேத்து எல்லாரும் சும்மா இருந்தாங்களே, அதுக்குத்தானா? அவர் சொன்னதும் மரியாதைக்குத்தானா?"

நான் ஹெட்போனை வாங்கி வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்களே" என்றாள். மச்சான், அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று தூங்கப்போகும் வரை அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

ஒரு முறையோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் நிறுத்தவில்லை. உங்களுக்குத் தெரியுமே, பிடித்தால் விடமாட்டாள். திருத்திக்கொள்ள வேண்டும் என்று வாரம் ஒரு முறை அலமாரிக்குள் நின்று பாடினாள். ஒவ்வொரு பதிவையும் மறுநாள் கேட்கக் கொடுப்பேன். கீழே போகிறது என்று பயந்து அவள் ஒருமுறை கொஞ்சம் தூக்கிப் பாடினாள். உண்மையில் அப்போதுதான் முதல்முதலாகச் சுருதி விலகினாள், பாவம். அந்த வாரம் நான் இன்னும் மேலே தள்ளிவிட்டேன். "இப்ப மேல போகுதே," என்றேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அங்கே நான் நின்றிருந்தேன். நீங்கள் பார்த்தது இரண்டு கோப்பு. மொத்தம் முப்பத்தெட்டு பதிவு.

இதற்கிடையில் மருந்துக்கடைக்காரர் அவளை மறுபடி பாடச் சொல்லி இரண்டு முறை கேட்டார். அவளுக்கு விருப்பமில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் மரியாதைக்காகக் கேட்கிறார் என்று அவளிடம் சொன்னேன்.

ஒன்பதாவது மாதம் காதில் ஏதோ கோளாறு என்று அவளே முடிவு செய்து மருத்துவரிடம் போக வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். எல்லாச் சத்தமும் கேட்டது. காது மிக நன்றாக இருக்கிறது, சாதாரணமாக இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது என்று அந்த மருத்துவர் அம்மாள் சொன்னார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உங்கள் தங்கை அழுதாள். "காதுல கோளாறுன்னா மருந்து இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். நான் தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி என்னைப் பார்த்து, நல்ல மனுஷன் என்பது போலத் தலையசைத்தார். இதை எழுதும்போது எனக்கு முகம் கூசுகிறது. அன்றும் கூசியது.

அதற்குப் பிறகு அவள் பாடுவதை விட்டுவிட்டாள். பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகளோடு மேடையேற மாட்டேன் என்றாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "என்ன சார் ஆச்சு இவங்களுக்கு? வகுப்புல சத்தமே இல்ல, பிள்ளைங்கல்லாம் என்னைக் கேக்குதுங்க" என்றார். களைப்பு என்று சொன்னேன். அடுத்த வருடம் வகுப்பு வேண்டாம் என்று அவளே கேட்டு, சேர்க்கைப் படிவங்களை அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். உங்களிடம் முழங்கால் வலி என்று சொன்னதாக ஞாபகம். முழங்காலில் ஒன்றும் இல்லை.

வீடு அமைதியானது. பதிவுக்கு நல்லதாகத்தான் இருந்தது. அந்தப் பாட்டை நானே பாடி முடித்து இணையத்தில் போட்டேன். அவள் சுரங்களை இறக்கிய அதே மென்பொருளில் என் சுரங்களைத் தூக்கி நிறுத்தினேன். இருநூற்றுச் சொச்சம் தடவை கேட்டிருக்கிறார்கள். அதில் முப்பது தடவையாவது அவள் கேட்டிருப்பாள். "எவ்வளவு சுத்தமாப் பாடியிருக்கீங்க" என்றாள்.

மகள் பிறந்தபோது எல்லாம் மாறிவிடும் என்று நம்பினேன். தாய் பாடாமல் இருப்பாளா? இரவில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடப்பாள். பாடமாட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். முந்நூறு, நானூறு வரைகூடப் போகும். குழந்தையின் காதைக் கெடுத்துவிடக் கூடாதாம். நான் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். எதையும் கேட்பதற்காக அல்ல.

ஏன் அப்போதும் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, உங்களுக்கே தெரியும். வெட்கம்தான் காரணம். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு நாளைய வெட்கத்தோடு போயிருக்கும். முப்பத்தெட்டு பதிவுக்குப் பிறகு அதை எப்படிச் சொல்வது? நாளாக ஆக அது வளர்ந்துகொண்டே போனது. அதை மூட வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டியிருந்தது.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் மகள் உங்கள் மடியில் உட்காருவாள், நீங்கள் பாடச் சொல்வீர்கள். அவள் பாடமாட்டாள். அதற்கும் காரணம் தெரிய வேண்டும் அல்லவா?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. ஐந்து வயது ஆகிவிட்டதால் மைக்கில் பேச வேண்டும் என்று அடம்பிடித்தாள். தூக்கி நிறுத்தினேன். பேசவில்லை, பாடினாள். ஒரு பூனை அலுவலகத்துக்குப் போகிறதாம், பேருந்தைத் தவறவிட்டதாம். அவளே கட்டிய பாட்டு. வார்த்தைதான் கோணல், குரல் அப்படியே அம்மா. உங்கள் தங்கை ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். அந்த முகத்தை நான் பல வருடமாகப் பார்க்கவில்லை. கிட்டே வந்து, குழந்தைக்குக் கேட்காதபடி, "ஏங்க, இவளுக்குச் சுருதி நிக்குதா? எனக்கு நிக்கிற மாதிரிதான் கேக்குது. எனக்குத் தெரியாதே, நீங்க சொல்லுங்க" என்றாள்.

நிற்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அவள் தன் காதை மறுபடி நம்ப ஆரம்பித்திருப்பாள். அங்கிருந்து பழைய பதிவுகளுக்கு வர அவளுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? பதிவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் இருவரும் காய்கறி வாங்கப் போனார்கள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

ஹெட்போனில் உங்கள் தங்கை நின்றுகொண்டே கேட்டாள். கடைசி வரை கேட்டாள். மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தாள். "என்னை மாதிரியே வந்துருக்கா" என்றாள். பிறகு கூடத்துக்குப் போய், "பாட்டு வேணாம் கண்ணு, நாம படம் வரையலாம்" என்று குழந்தையிடம் சொல்வது கேட்டது. குழந்தை அழவில்லை. சரி என்று வண்ணப் பென்சில் எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை வாருங்கள் மச்சான். நான் அன்று கடையில் இருப்பேன், வேலை அதிகம். அவளிடம் நீங்களே போட்டுக் காட்டிவிடுங்கள், அதுதான் சரியாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தையின் குரலை மிகவும் கொஞ்சமாகத்தான் இறக்கினேன். அவளுக்கு இறக்கியதில் பாதிகூட இருக்காது.