கண்ணில் விடாத வெள்ளை

கௌசிகா கதிரைமேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த கணவனின் படத்தை மாலையோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வந்திருந்த சனம் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டது.

“மெல்ல, தங்கச்சி. கண்ணாடி கையை வெட்டும்” என்றேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம், பொலிஸ் ஐயா. நான் பென்சிலால் முகம் கீறிப் பிழைக்கிறவன். உயிரோடிருப்பவர் என்றால் கண்மணியில் கடுகளவு தாளை வெள்ளையாக விடுவேன். அதுதான் பார்வை. செத்த வீட்டுப் படம் என்றால் அந்த இடத்தையும் கறுப்பால் நிரப்பிவிடுவேன்.

கௌசிகாவின் புருசன் ரஜீவன் என் கூட்டாளி. என் படங்களை நிலாவெளி ஹொட்டேல்களில் விற்றுத் தந்தான். செத்த வீட்டு வேலைகளை எட்டியும் பார்க்கமாட்டான். அதை வாங்க வெள்ளைக்காரன் வரமாட்டான். ஒருநாள் ஒரு ஹொட்டேல் விறாந்தையில் நான் கீறிய துறைமுகத்தைக் கண்டேன். மூலையில் என் பெயர் அழிந்து, அவன் பெயர் இருந்தது. விற்ற படம் எல்லாவற்றிலும் அப்படித்தான். கொழும்பில் அவனுக்குக் கண்காட்சியே வைத்துவிட்டார்கள்.

கேட்டேன். சிரித்தான்.

“சனம் ஆளைப் பாத்துத்தான் வாங்குது, சிவா அண்ணை. உங்கட முகத்துக்குக் கடைச் சிட்டைதான் எழுதத் தருவினம்.”

நான் கோபப்படவில்லை. “வந்து இரு, உன்னைக் கீறித் தாறன்” என்றேன். ஆசையாக வந்து இருந்தான். முடிந்ததும் உற்றுப் பார்த்தான்.

“கண் ஏன் அண்ணை மங்கிக் கிடக்கு?”

“பொறு, வேலை மிச்சம் கிடக்கு” என்றுவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன்.

பின்னேரம் தோணியில் கூட்டிப்போனேன். துறைமுகத்தைக் கடலில் இருந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் விருப்பம். எழும்பி நிற்கச் சொன்னேன். தள்ளப் பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு நீந்தத் தெரியாது. கையை நீட்டினான். நான் துடுப்பை உள்ளே இழுத்து வைத்தேன்.

எல்லோரும் விபத்து என்றார்கள். எட்டுச் செலவுக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, செய்தி கேட்ட பிறகு அழுதழுது கீறியதாகச் சொன்னேன். கௌசிகா என் கையைப் பிடித்து அழுதாள். பிறகு படத்து மாலை சரிந்து, மூலை தெரிந்தது.

“இது என்ர மனுசன்ர கையெழுத்து” என்றாள் கதிரையில் நின்றபடி. “செத்த பிறகு கீறின படத்தில அவர் எப்பிடி அண்ணை கையெழுத்து வைச்சவர்?”

ஓம், ஐயா. நான் குசினியில் நின்ற நேரம், என் தாளில், என் பென்சிலாலேயே எழுதியிருக்கிறான். படத்துக்குச் சட்டம் போடும்போதே நான் கண்டனான். அழிறப்பர் பக்கத்தில்தான் கிடந்தது.

ஆனால், அடுத்தவன் பெயரை அழிக்கிற ஆள் நானில்லை.