சாம்பல் குளத்து வலை

"வலைன்னா... மீன் வலையா?"

"பறவை வலைடி. தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கும். ரெண்டு கம்புக்கு நடுவுல கட்டிட்டா கண்ணுக்கே தெரியாது. பறந்து வந்து மோதி, கீழ பை மாதிரி தொங்குற இடத்துல விழும். எடுத்து, என்ன பறவைன்னு பார்த்து, கால்ல வளையம் மாட்டி விட்டுடுவாங்க."

"பாவம்ல?"

"உன்னை விட மரியாதையாதான் அதைத் தூக்குவாங்க. இன்னொரு தடவை குறுக்க பேசினா, லைட்டைப் போட்டுட்டுப் போய்ப் படுத்துடுவேன்."

கேட்டவள் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். விடுதி அறை. ஒரு கட்டிலில் நாங்கள் நான்கு பேர், ஒரே போர்வை. நான் தொடர்ந்தேன்.

இது என் தோழியின் அக்காவுக்கு நடந்தது. பறவைகளைக் கணக்கெடுப்பது அவளுடைய வேலை. காட்டில் அல்ல, ஒரு தொழிற்சாலையின் பின்புறத்தில். உலைச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து விடுகிற பெரிய குளம் ஒன்று அங்கே உண்டு. சுற்றிலும் ஆள் உயர நாணல். அதில் எத்தனை வகைப் பறவைகள் வந்து தங்குகின்றன என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விடிவதற்கு முந்தைய நேரம். சாம்பல் லாரிகள் போகும் சாலை. அப்போது லாரியும் இல்லை, விளக்கும் இல்லை... காலடியில் சாம்பல் நறநறக்கும் சத்தம் மட்டும். நனைந்த தீக்குச்சியின் வாசனை.

காவலாளி கம்பி வேலியின் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார்.

"சங்கு ஊதறதுக்குள்ள வந்துடும்மா. ஊதினா மதகைத் திறந்துடுவாங்க. சாம்பத் தண்ணி கொதிக்கக் கொதிக்க வரும்."

"நான் வந்துடுவேன்ண்ணே. நீங்க தூங்காம இருங்க. போன வருஷம் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு."

"யாரு தூங்கினா? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

சிரித்துக்கொண்டே வெளியிலிருந்து பூட்டினார். அங்கே அதுதான் வழக்கம்.

அன்று அவள் கட்டிய வலைகளில் நிறைய விழுந்தன. கதிர்க்குருவிகள், ஒரு மீன்கொத்தி. ஒவ்வொன்றாக எடுத்துப் பறக்கவிட்டாள். அதற்குள் குளத்திலிருந்து ஆவி எழும்பி மூடுபனியோடு கலந்துவிட்டது. சங்குக்கு நேரமாகிவிட்டது. வலைகளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

உள்ளே பறவை இருந்தால் வலையைச் சுருட்டக் கூடாது, நெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு வரவும் கூடாது. அந்த வேலை தெரிந்த யாரும் அப்படி வர மாட்டார்கள். கடைசி வலை நாணலுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது... காற்றே இல்லை. அடிப் பை தரை வரை தொங்கியது.

டார்ச்சை அடித்தால் வெள்ளையாகப் பனி மட்டும் தெரிந்தது. அணைத்துவிட்டாள். கைக்குத் தெரிந்த வேலைதான். முதலில் கால்களைத் தேட வேண்டும்.

கையை விட்டாள். கனமாக இருந்தது. வெதுவெதுப்பு. ஆந்தையாக இருக்கும் என்று நினைத்தாள். பறவையின் நெஞ்சு எண்ணவே முடியாதபடி படபடக்கும். இது ஒரு முறை அடித்தது... நிற்கிறதோ என்று அவள் பயந்தபோது, இன்னொரு முறை.

"இருடா தங்கம். இதோ, ஆச்சு," என்றாள்.

உடனே அது துள்ளுவதை நிறுத்தியது. சொன்னது புரிந்ததுபோல.

இறகு கைக்குத் தட்டுப்படவில்லை. ஈரத் துணிபோல ஏதோ. அதற்குக் கீழே கால் கிடைத்தது. விரல் விரலாக நூலைப் பிரித்தாள். நகம் சின்னதாக, மழுங்கலாக இருந்தது. பறவைக்கு நான்கு விரல்தான். நான்காவதையும் விடுவித்த பிறகு... இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

ஐந்தும் சேர்ந்து அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.

சங்கு ஊதியது.

எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. மதகு ஏறியது. நாணலுக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் ஊர்ந்து வந்தது. கையை இழுத்தாள். வலை மணிக்கட்டைச் சுற்றியது. இன்னும் இழுத்தாள், முழங்கை வரை ஏறியது. அந்த வலையின் குணம் அது. இழுக்க இழுக்கத்தான் மாட்டும். சூடான சேறு செருப்பைத் தொட்டது.

வலையை வெட்டுவது அவர்கள் வேலையில் பெரிய தப்பு. சட்டைப் பையில் சிறு கத்தரிக்கோல் இருந்தது. இடது கையால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். ஓடினாள்.

காவலாளி விழித்துத்தான் இருந்தார். கதவைத் திறந்தார். அவள் வெளியே வந்துவிட்டாள். அவர் உடனே சாத்தவில்லை... கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி, அப்புறம் பூட்டினார்.  

அக்கா வீடு திரும்பியபோது என் தோழி தூங்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் வாசனையில்தான் விழித்தாளாம். கட்டில் ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கையை மட்டும் உடம்பிலிருந்து தள்ளி, கீழே தாழ்த்தி வைத்திருந்தாள்... சின்னப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்தவள்போல. கீழே ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் மட்டும் இறுக்கிக் கட்டியதுபோல வெளுத்துக் கிடந்தது.

"அக்கா?"

"சத்தம் போடாத. பயந்துச்சுன்னா இன்னும் இறுக்கும்."

அக்கா அந்தக் கையை மெதுவாகத் தோழியின் மடிப் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு ஒத்தைக் கையால முடியலடி. இதைக் கொஞ்சம் எடுத்து விடேன்."