எண்பத்தைந்தின் வக்கீல், கார்டு ஜெபராஜ்

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் வேதாசலம் அவர்களே, செயலாளர் எட்மண்ட் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஜெபராஜ் அண்ணனின் துணைவியார் தபீதாள் அக்கா அவர்களே, டூட்டி மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் ரயில்வே தோழர்களே, கிழக்குத் தாம்பரம் பொழுதுபோக்கு மன்றத்தின் ஸ்னூக்கர் பைத்தியங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பொன்னுரங்கத்தின் வணக்கம்.

உட்கார்ந்தே பேசலாம் என்கிறார் தலைவர். முடியவில்லை ஐயா. வியாழக்கிழமை செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. திருமுடிவாக்கத்தில் என் பட்டறைக்குப் போனால் உள்ளே லேத் ஓடுகிறது, நான் வாசலுக்கு ஓடுகிறேன். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். நடந்துகொண்டேதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? ஜெபராஜ் அமைதியானவர் என்றார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? நான்தான் கூட்டம் மாறி வந்துவிட்டேனா? இந்த ஹாலின் ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தியவர் ஐயா அவர்! செத்துப்போனால் எல்லோரும் சாது ஆகிவிடுகிறார்கள். நம் ரயில்வே கார்டு ஜெபராஜை அப்படி ஆக்க நான் விடமாட்டேன்.

ரயில்வே தோழர்களுக்குச் சொல்கிறேன். ஸ்னூக்கர் என்றால் கோலால் பந்தை அடித்து மேசையோரக் குழியில் விழவைக்கும் ஆட்டம், அதில் கடைசியாக விழ வேண்டியது கறுப்பு. ஞாயிறுதோறும் இந்த மன்றத்தில் நாங்கள் அடித்துக்கொள்வது ஒரே கேள்விக்காக. உலகத்துத் தொழில்முறை ஸ்னூக்கரில் இதுவரை ஆடியதிலேயே பெரிய ஆட்டம் எது? ஜெபராஜ் அண்ணன் எண்பத்தைந்தின் வக்கீல். எட்டுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கிய டென்னிஸ் டெய்லர், கடைசிச் சுற்றில், கடைசிக் கறுப்புப் பந்தில், ஸ்டீவ் டேவிஸை வென்றாரே, 1985 உலகச் சாம்பியன்ஷிப்பின் அந்த இறுதியாட்டம். நான் தொண்ணூற்று நான்கின் ஆள். ஆறாவது முறை இறுதிக்கு வந்த ஜிம்மி ஒயிட், கோப்பை கைக்கு எட்டும் நேரத்தில் கறுப்பைத் தவறவிட்டு ஹெண்ட்ரியிடம் தோற்றாரே, அந்த ஆட்டம். என்னைப் பொறுத்தவரை அதற்கு ஈடு இணை கிடையாது.

இதில் ஒரு சட்டம் வைத்தவரே அண்ணன்தான். சும்மா வாயால் அளக்கக் கூடாது. எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாயோ, அந்தப் பந்துகளை அந்த இடங்களில் மேசைமேல் வைக்க வேண்டும். அப்புறம்தான் வாயைத் திறக்கலாம். வைக்காமல் யாராவது ஆரம்பித்தால் போதும். “டேய்! பந்தை வெச்சுட்டுப் பேசுடா!” தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும் அந்தக் குரல். இவரா அதிர்ந்து பேசாதவர்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் பரவாயில்லையே! நான் தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்பேன். சென்னை பீச் போகும் மின்சார வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையோடு தலையை நீட்டுவார். “பொன்னுரங்கம், ஒயிட் கறுப்பைத் தவறவிட்டது பயத்துல. பயந்தவன் ஆட்டம் எப்படிடா கிரேட் மேட்சு?” என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் விசில், பச்சைக் கொடி! வண்டி போய்விடும். பதிலை வாயில் அடக்கிக்கொண்டு நான் நிற்க வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அதே வண்டியில் தொற்றிக்கொண்டேன். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி அவர் பெட்டிக்கு ஓடி ஒரு வரி, குரோம்பேட்டையில் ஒரு வரி, பல்லாவரத்தில் ஒரு வரி. “இன்னாண்ணா, பதில் கேக்காமயே ஓடிக்கினே கீறியே!” என்று நான் கத்த, பூக்கூடைக்காரம்மா ஒருவர், “இன்னாய்யா, சொத்துத் தகராறா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்து ஒரு வீடியோ கேஸட்டைப் பற்றி. எட்மண்டின் மச்சான் பர்மிங்காமிலிருந்து அனுப்பியது, எண்பத்தைந்து இறுதியாட்டத்தின் கேஸட். இதே ஹாலில் டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டோம். கடைசிச் சுற்று மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு பேரும் மாறி மாறித் தவறவிடுகிறார்கள். மேசையில் ஒற்றைக் கறுப்பு. டெய்லர் குனிகிறார், டேப் தீர்ந்துவிட்டது! எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். அண்ணன் மட்டும் கை தட்டினார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு! டெய்லர் ஜெயிச்சது ஊருக்கே தெரியும். ஆனா நம்ம டேபிள்ல அது இன்னும் விழலை பார். வாங்கடா, அவனவன் எப்படி அடிப்பான்னு காட்டுங்க!”

அன்றைக்குப் பொழுது சாயும் வரை இந்த மேசையைச் சுற்றி அடித்தோம். விழுந்தால் எடுத்துத் திரும்ப வைப்பார். அந்த மனுஷனுக்கு ஒன்று முடிந்துபோவதே பிடிக்காது.

இந்த மேசைக்கு அவர் செய்தது கொஞ்சமா? ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோது, தன் டூட்டி மழைக்கோட்டைக் கழற்றி இதன் பச்சைத் துணிமேல் விரித்துவிட்டு, தொப்பலாக நனைந்து வேலைக்குப் போனார். ஜுரத்தில் படுத்தவரைப் பார்த்துக்கொண்டது தபீதாள் அக்கா. அக்கா, அன்றைக்கு நீங்கள் எங்களைத் திட்டிய திட்டு நியாயம்தான்.

போன புதன்கிழமை, அதே பிளாட்பாரம். அதே கடைசிப் பெட்டி. “பொன்னுரங்கம்! உன் தொண்ணூத்து நாலை உடைக்க ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன். சண்டே வா, பந்தை வெச்சுக் காட்டறேன்!” என்றார். “இன்னாண்ணா அது, இப்பவே சொல்லு!” என்றேன். சிரித்தார். பச்சைக் கொடி. மறுநாள் விடியலில் நெஞ்சுவலி. மனுஷன் போய்விட்டார்.

என்ன கண்டுபிடித்தார்? யாரிடமாவது சொன்னாரா? அக்காவிடம் கேட்டேன், இல்லை என்கிறார். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று வருஷமாக என்னை ஜெயிக்க முடியாத மனுஷன், ஜெயித்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்! நான் எப்படி உட்காருவேன்? எப்படித் தூங்குவேன்? சொல்லுங்கள்!

இந்த நிலையில் செயலாளர் எட்மண்ட் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார். எண்பத்தைந்து இறுதியாட்டமே உலகின் தலைசிறந்த ஆட்டம் என்று மன்றம் ஒருமனதாக ஏற்கிறதாம். பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் அடிப்பார்களாம். நல்ல மனசு எட்மண்டுக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமனதாகவா? அண்ணன் உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் தகட்டைப் பிடுங்கி எறிந்திருப்பார். வாதாடி ஜெயிக்க வந்தவருக்கு அனுதாபத்தில் வெற்றி கொடுப்பதா? அது மாலை இல்லை ஐயா, வாய்ப்பூட்டு. தீர்மானத்தை எதிர்க்கிறேன்! தபீதாள் அக்கா ஆமாம் என்று தலையாட்டுகிறார், பாருங்கள். போதும்.

அப்படியானால் அவர் பணியை யார் தொடர்வது? எண்பத்தைந்துக்கு இந்த ஹாலில் அவரை விட்டால் ஆள் கிடையாது. யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் கண்டுபிடித்தது என்ன என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பக்கம் பேச வேண்டும். பேசிப் பேசி ஒரு நாள் நானே என் தொண்ணூற்று நான்கை உடைக்க வேண்டும். உடைகிற அன்றைக்குத்தான் அண்ணன் சொல்ல வந்தது எனக்குக் கேட்கும். ஆகவே மாலை போட்ட அண்ணனின் இந்தப் படத்தின் முன்னால் உறுதி சொல்கிறேன். இன்று முதல் பொன்னுரங்கம் எண்பத்தைந்தின் ஆள்.

இதோ, கறுப்பை வைக்கிறேன். டெய்லர் குனிந்த அந்த இடம். இப்போது எதிர்த்துப் பேச ஒருவர் வேண்டும். பத்ரிநாராயணன், எழுந்திருங்கள். நீங்களும் என் பழைய கட்சிதானே, தொண்ணூற்று நான்குக்குப் பேசுங்கள். என்ன? இன்னிக்கு வாய் வரலையா சார்? வரும். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். யாரும் மௌனமாக எழுந்து நிற்க வேண்டாம், அவருக்கு அது ஆகாது. உம், பேசுங்கள் பத்ரி. கேட்கவில்லை, உரக்க! தொண்ணூற்று நான்கில் ஹெண்ட்ரி அடித்தது போல உலகத்தில் எவனும் அடித்ததில்லையா?

டேய் பத்ரி! பந்தை வெச்சுட்டுப் பேசுடா!