சீனிக்கிழங்குக்குக் குடை கொடுத்தவர்

அஞ்சாத நெஞ்சும் அயராத உழைப்புமே அணிகலனாய்க் கொண்ட அன்னையே, சாக்பீஸ் பிடித்த கையால் சமத்துவம் எழுதிய சான்றோரே, பணிநிறைவு பெறும் எங்கள் ஆனந்தமேரி டீச்சர் அவர்களே, வணக்கம்.

தங்கள் நற்குணங்களை அழகாக அடுக்கி வாசிக்கும்படி தாளாளர் அவர்கள் சொல்லியனுப்பினார். அடுக்க மனம் ஒப்பவில்லை, வயிறு எரிகிறது. தாங்கள் உதவி ஆசிரியையாகவே ஓய்வு பெறும் காரணத்தைச் சபையோர் கேட்கட்டும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பில் பண்டமாற்றுப் பாடம். காசில்லாக் காலத்து வணிகத்தைப் புத்தகத்தில் படித்தால் போதாதென்று, வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார் டீச்சர். இருவருக்கும் கட்டுப்படியானால் பொருள் கைமாறலாம். இல்லையேல் 'கட்டாது' என்று சொல்லி விலகலாம். அதுதான் விதி. சந்தை களைகட்டியது. தக்காளிக்குப் பூ போனது, பூவுக்குச் சின்னாளப்பட்டி நூல்கண்டு வந்தது. தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியின் மகள் முத்துப்பேச்சி மட்டும் அவித்த சீனிக்கிழங்கோடு காத்தே கிடந்தாள்.

"அவ வீட்ல அவிச்சதத் தின்னா எங்கம்மா வைவாக டீச்சர்" என்றான் மொக்கைச்சாமி. பத்து வயதுப் பிள்ளைக்குள் இந்த நஞ்சை ஊட்டியவர்களை என்னவென்று சொல்வது?

டீச்சருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதட்டி வாங்க வைத்தால் அது வணிகமாகாது. தாமே போய் அவள் எதிரே தரையில் அமர்ந்தார்.

"எனக்கு ஒரு கெழங்கு வேணும் தாயி. என்ன கேக்குற?"

முத்துப்பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க குடையத் தாறீகளா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. "ஒத்தக் கெழங்குக்கு அம்புட்டுப் பெரிய குடையா?" என்றான் மொக்கைச்சாமி.

"எனக்குக் கட்டும்" என்றார் டீச்சர். குடையைக் கொடுத்தார், கிழங்கைக் கையில் வாங்கித் தோலுரித்து, எல்லார் கண்ணெதிரிலும் உண்டார். சிறிது நேரத்தில் மொக்கைச்சாமியே தக்காளியோடு வந்து நின்றான். மணி அடிக்குமுன் கிழங்கு தீர்ந்துவிட்டது.

மறுநாள், தம் பிள்ளையும் அந்தக் கிழங்கைத் தின்றதாகக் கேள்விப்பட்ட பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவர் பேச்சைக் கேட்டுத் தாளாளர், டீச்சரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"மன்னிப்பு கேக்குறதுன்னா அந்தப் புள்ளகிட்டத்தான் நாம கேக்கணும்" என்றார் டீச்சர். அத்தோடு போயிற்று அவருக்கு வரவேண்டியிருந்த தலைமையாசிரியைப் பதவி. அவருக்குப் பின்னால் பணிக்கு வந்தவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்பிலேயே நின்றார்.

இன்று அதே தாளாளர் மேடையில் சால்வையோடு காத்திருக்கிறார். பறித்த பதவிக்கு ஒரு சால்வை. டீச்சர் வகுத்த விதிப்படியே சொல்கிறோம்: எங்களுக்குக் கட்டாது.

முன்வரிசையில் முத்துப்பேச்சி அமர்ந்திருக்கிறாள். மடியில் அந்தக் குடை. கையில் ஒரு தட்டு அவித்த சீனிக்கிழங்கு. தாளாளர் அவர்கள் இறங்கிவந்து, அவள் கையால் ஒன்று வாங்கி, சபையறிய உண்ணட்டும். பிறகு சால்வை போர்த்தட்டும். அதுவரை எங்கள் டீச்சரின் தோள் வெறுந்தோளாகவே இருக்கட்டும்.

டீச்சர், அந்தக் காட்சியைக் கண்ணாரக் காணும் நாள்வரை, அது எத்தனை காலமானாலும், தாங்கள் நோய்நொடி அண்டாமல் நிமிர்ந்து நடமாட வேண்டும்.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய ஆசிரியர்கள்,
திண்டுக்கல், 1966