தலைகீழாக இருந்த நாற்பத்தொன்றாம் பெட்டி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் எண்ணெய் நிறுவனத்தின் இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஒப்பந்தப் பிரிவு மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அக்காவின் மகளே, என்னோடு வேலை பார்க்கும் கிடங்குத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நம்மைச் சுற்றி அடுக்குகளில் இருக்கும் பதினெட்டாயிரம் பெட்டிகளுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன். அக்கா பேச வந்திருந்தால் அவற்றுக்குத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

எனக்கு ஒலிவாங்கியைப் பிடித்துப் பழக்கமில்லை. கிடங்கின் சார்பாக யார் பேசுவது என்று இயக்குநர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் தரையைத்தான் பார்த்தோம். அக்காவின் மகள் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "உங்களப் பத்தி அம்மா வீட்டுல சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு வாயத் தொறக்காது, ஆனா கண்ண மூடாதுன்னு. பாத்ததச் சொல்லுங்க, போதும்" என்றார். பார்த்ததைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கல் மாதிரிக் கிடங்கின் பொறுப்பாளர்! முப்பத்தொரு ஆண்டு பணி! பதவிப்பெயர் நீளமானது, ஆனால் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் கல்லக்கா. தொலைபேசியை எடுத்தால் அவரே, "கல்லக்கா பேசுறேன், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்தக் கூட்டத்தில் கிடங்கின் வேலை தெரியாத உறவினர்களும் இருக்கிறீர்கள். அதனால் இரண்டு வார்த்தை. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, பூமியின் அடியிலிருந்து உருளை உருளையாகக் கல்லை வெட்டி மேலே எடுப்பார்கள். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் எந்த ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது, எவ்வளவு இருக்கலாம் என்று சொல்ல முடியும். கல்லை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். தோண்டுகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒரு பாதி. நாட்டுக்கு மறுபாதி. நாட்டின் பாதி வந்து சேரும் இடம்தான் நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கொட்டகை.

ஒரு நாட்டின் எண்ணெய் யார் கையில் இருக்கிறது? குழாயைத் திறந்து மூடுகிறவர் கையிலா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கையிலா? அக்காவிடம் இதைக் கேட்டால், துடைத்துக்கொண்டிருக்கும் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியுமோ, அவங்க கையில."

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதை உங்களில் பலருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கதையின் இன்னொரு ஆள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அப்போதுதான் அந்த வெளிநாட்டு நிறுவனத்தோடு முப்பது வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கல்லை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட ஓர் எழுத்தர் வேண்டும் என்று அக்காவை எடுத்தார்கள். முதல் லாரி வந்தது. நூற்று நாற்பது பெட்டி. ஓட்டுநர் ரசீதை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, நான் கெளம்பணும்."

"தொறந்து காட்டுங்க."

"கல்லுதாம்மா இருக்கு. கல்லுல என்னத்தப் பாக்கப்போறீங்க?"

"கல்லுதானான்னு பாக்கப்போறேன்."

நூற்று நாற்பது பெட்டியையும் திறந்து, எண் பார்த்து, மூடி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்று பெட்டிகளில் கல்லே இல்லை, மரத்தூள்தான் இருந்தது. அந்த மூன்றும் வந்து சேரும் வரை அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஓட்டுநர் மூன்று நாள் நடையாய் நடந்தார். அப்புறம் காரணமே இல்லாமலும் நடந்தார். அடுத்த வருடம் கல்யாணம்! இன்று காலைகூட அந்த ஓட்டுநர் அண்ணன் என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு ஆரம்பிச்சதும்மா. முப்பது வருஷம், ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வந்தாலும் பையத் தொறந்து காட்டுனாத்தான் வீட்டுக்குள்ள விடுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று யாராவது கேட்டால், கல்லக்காவின் கூட்டத்தில் சிரிக்கலாம் என்றே சொல்வேன்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்று சொல்வதா, கர்வம் என்று சொல்வதா? புதிதாக யார் வந்தாலும் அடுக்குகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வார்: "பதினெட்டாயிரம் பெட்டி. ஒண்ணுகூடத் தப்பா இருக்காது. இருந்தா என் பேர மாத்திக்கிறேன்." மாற்றிக்கொள்ள அவர் பெயரை யார் உபயோகித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது? அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருந்தது. வடக்கு எண்ணெய் வயல் வற்றிக்கொண்டிருக்கிறது, ஆழத்தில் இருப்பது வெறும் எண்ணெய்க் கறை, எடுக்கும் அளவுக்கு இல்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆகவே இன்னும் இருபது வருடம் நீட்டித்துத் தர வேண்டும், நாட்டின் பங்கையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்த வயலின் ஏழாம் கிணற்றின் கல்லில் தங்கள் பாதியைப் புதிதாக எடுத்து, அங்குலம் அங்குலமாக மறு ஆய்வு செய்துவிட்டோம் என்று ஓர் அறிக்கையும் கொடுத்தார்கள். ஆழத்தில் நல்ல அடுக்கு ஒன்று இருக்கிறது என்பது நம் கட்சி. யார் சொல்வது சரி என்று கல்லை வைத்துப் பேச ஒரு நாள் குறித்தார்கள். கல்லை நகரத்தில் இருக்கும் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அக்கா ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "கல் வராது, நீங்கள் வரலாம்."

அன்று காலை ஏழாம் கிணற்றின் அறுபத்திரண்டு பெட்டிகளையும் நீள மேசைகளில் வரிசையாக அடுக்கினோம். நான் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனேன், ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியும். நாற்பத்தொன்றாம் பெட்டியில் என் கை நின்றுவிட்டது.

கல் மேலே வந்தவுடனே அதன்மேல் இரண்டு கோடு போடுவார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கல் நேராக இருந்தால் சிவப்பு வலது பக்கம் இருக்கும். உலகத்தில் எல்லா எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கும் இதுதான் வழக்கம். நாற்பத்தொன்றில் சிவப்பு இடது பக்கம் இருந்தது. மேலிருக்க வேண்டியது கீழே, கீழிருக்க வேண்டியது மேலே. பெட்டியின் சீட்டில் இருந்தது அக்காவின் கையெழுத்து.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அந்த மழையில கொட்டகை ஒழுகிச்சே... பெட்டியெல்லாம் ஊறிப்போயி நான்தான் புதுசுல மாத்திவச்சேன்" என்றார். அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. பெட்டி இருபத்து நான்கு வருடமாகத் தலைகீழாக இருந்திருக்கிறது. அக்காவின் மகள் இதைக் கேட்டபோது சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அம்மா செஞ்ச ஒரே தப்புக்கும் எனக்கும் ஒரே வயசு!"

தவறு சின்னது. விளைவு சின்னதில்லை. பெட்டி தலைகீழாக இருந்ததால், எண்ணெய் ஊறிய மணற்பாறை முந்தைய பெட்டியிலிருந்து அறுபடாமல் ஒரே கனமான அடுக்காகத் தெரிந்தது. நம் வாதமே அதுதான். நேராக வைத்தால் நடுவில் ஒரு களிமண் பாறை வந்து அடுக்கை இரண்டாகப் பிரித்துவிடும். நம் அறிக்கை தப்பாகிவிடும். அதுவும் எதிராளி வாசலில் வந்து இறங்குகிற நேரத்தில்!

ஒப்பந்தப் பிரிவு மேலாளர் ஓடி வந்தார். இதைச் சொல்லலாமா என்று நேற்று அவரிடமே கேட்டேன். "சொல்லும்மா, நான் பேசுனத மட்டும் கொறைச்சிடாத" என்றார். அவர் பேசியது இதுதான்:

"அக்கா, ரெண்டே மணி நேரம். அவங்க போனதும் திருப்பி வச்சுக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

"வயலே போயிடும்க்கா. இருவது வருஷம்!"

"அப்ப, முப்பது வருஷமா அவங்கள தொறந்து காட்டுங்க, தொறந்து காட்டுங்கன்னு உயிர வாங்குனேனே, அது எதுக்கு சார்?"

நான்கு நிபுணர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உள்ளே வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்கு முன்பே அக்கா நாற்பத்தொன்றாம் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். தன் பெருமை முழுவதையும் அந்த மேசையில் வைத்துவிட்டு ஒரு பெண் நின்றதை நான் அன்று பார்த்தேன்.

"இந்தப் பெட்டி தலைகீழா இருக்கு. இருவத்து நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு. வச்சவ நான்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "அக்கா, இத அப்படியே சொல்லிடவா?"

"அப்படியே சொல்லுங்க தம்பி. ஒரு சொல்லு கொறையக்கூடாது."

சொன்னார். நான்கு நிபுணர்களில் மூத்தவர் முகம் மலர்ந்தது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல, கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, சிவப்பை வலது பக்கம் கொண்டுவந்து வைத்தார். பெட்டியின் மேற்பகுதியில், அடுக்கின் நடுவே, சாம்பல் நிறத்தில் களிமண் பாறை. எல்லோருக்கும் தெரிந்தது. நம் வாதம் எல்லோர் கண்ணெதிரிலும் உடைந்தது.

என் மடியில் அந்த நிறுவனத்தின் மறு ஆய்வு அறிக்கை இருந்தது. நாற்பத்தொன்றாம் பெட்டியின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். மேலே மணற்பாறை, கீழே களிமண் பாறை என்று எழுதியிருந்தது. திருப்பி வைத்த கல்லில் மேலேதான் களிமண் பாறை. நான் இன்னொரு முறை படித்தேன். வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. எழுந்து போய், அந்த வரியின்மேல் விரலை வைத்து, அறிக்கையை அக்காவுக்கு முன்னால் நகர்த்தினேன்.

அக்கா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு மூத்த நிபுணரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஐயா, உங்க பாதிக் கல்ல நீங்களே புதுசா எடுத்துப் பாத்ததா எழுதியிருக்கீங்க. என் தப்பு உங்க கல்லுல எப்படி வந்துச்சு?"

அவையோரே, அந்தக் கேள்விக்கு அன்று பதில் வரவில்லை! மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நான்கு பேரும் அறிக்கையைத்தான் பார்த்தார்கள். பதில் மூன்று வாரம் கழித்துக் கடிதமாக வந்தது. தங்கள் பாதிக் கல்லை அவர்கள் எப்போதோ, கிடங்கு மாற்றும்போது கொட்டிவிட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று முந்தைய வருடம் நம்மிடம் வாங்கிய, பெட்டியில் இருந்தபடியே நாம் எழுதிவைத்த பதிவேட்டின் நகலைப் பார்த்தே மறு ஆய்வு எழுதியிருக்கிறார்கள். நாட்டைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட வீசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வயல் வற்றிவிட்டது என்று சொல்ல அவர்கள் கையில் ஒரு துண்டுக் கல் இல்லை! நீட்டிப்புக் கோரிக்கையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் அதன் தேதியில் முடிந்தது. வடக்கு வயல் நாட்டின் கைக்கு வந்தது.

அன்று அந்தப் பெட்டியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு அறிக்கையும் ஒரே தவறைச் சொல்லியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. கறையா, எண்ணெயா என்று இன்றுவரை வழக்காடிக்கொண்டிருப்போம். இன்னொன்றும் உண்டு. களிமண் பாறைக்குக் கீழே இருக்கும் இரண்டாவது அடுக்கை நம் ஆட்கள் தனியாகத் துளைத்தார்கள். எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இருந்தது. பெட்டி தலைகீழாகவே இருந்திருந்தால் அந்த அடுக்கு இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

முதல் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து இயக்குநர் அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நல்லா நாறுது சார், சந்தோஷம். அப்படியே இந்தக் கொட்டகைக்கு ரெண்டு மின்விசிறி வாங்கிக் குடுங்க." இப்போது நம் தலைக்கு மேல் சுற்றுகிறதே, அவைதான்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாளோடு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தாறு வயது, போகிற வயதில்லை. ஆனால் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். வயல் நம் கையில், கல் அதனதன் இடத்தில், மகள் தன் காலில். எனக்கு இங்கே நின்று அழத் தோன்றவில்லை.

நேற்று நாற்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. அக்காவின் உருண்டை எழுத்து. "இந்தப் பெட்டி இருபத்து நான்கு ஆண்டுகள் தலைகீழாக இருந்தது. தவறு என்னுடையது. திருப்பி வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் கோடுகளைப் பார்த்துக்கொள்ளவும்." கீழே தேதி, கையெழுத்து. கையெழுத்தில் அவர் பெயரை மாற்றவில்லை. அதே பெயர்தான்.

தோழர்களே, தெற்குக் கடல் பகுதிக்கு வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தோடு நாம் புதிய ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். முதல் கிணற்றின் கல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறது. நூற்றுப் பதினெட்டுப் பெட்டி. ரசீதில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருக்கிறார். எனக்கு அக்காவின் குரல் கிடையாது. பேச வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டியவள் நான். ஆனாலும் இந்தப் பெட்டிகள் முன்னால் உங்களுக்கு உறுதி சொல்கிறேன். திங்கட்கிழமை லாரி வந்து நிற்கும், ஓட்டுநர் ரசீதை நீட்டுவார், அவசரம் என்பார், கல்லுதான் என்பார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, அவர் காதில் விழும்படி, வாயைத் திறந்து சொல்வேன்:

"தொறந்து காட்டுங்க."